முதுமைக்கால வருவாயும் மருத்துவமனைப் பங்குகளும்

வணிகத்தை ஆகுமாக்கி, வட்டியை விலக்கி வைத்தான் வல்ல இறைவன். திருமறையின் அல்பகரா அத்தியாயம் எடுத்துரைக்கும் இந்தச் சட்டத்தை அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இராது. ஆயினும், உழைத்து ஓய்ந்த ஒருவர் தம் வாழ்நாள் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இதனை எங்கே வைப்பது? இதிலிருந்து எவ்வாறு உண்பது?" என்று திகைத்து நிற்கும் நாளில்தான் அந்தச் சட்டத்தின் கனத்தை அவர் உணருகின்றார்.

சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வாழும் நம் மக்களின் நிலையைச் சற்று நோக்குங்கள். ஆவடியில் 1961ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றோருள், 2004ஆம் ஆண்டு ஜனவரிக்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு மத்திய அரசின் ஓய்வூதியம் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் தனியார் பட்டறைகளில் உழைத்தவர்களின் நிலை அத்தகையதன்று. தொழிலாளர் வைப்புநிதியோடு இணைந்த ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகை 2014ஆம் ஆண்டில் மாதம் 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. ஆயிரம் ரூபாயில் ஒரு முதிய தம்பதியர் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வாங்கிய பின் எஞ்சுவது யாது? பூந்தமல்லிக் கடைவீதியில் சிறு வணிகம் செய்வோருக்கோ அந்த ஆயிரமும் இல்லை.

அண்டை வீட்டார் தம் சேமிப்பை வங்கியில் நிரந்தர வைப்பாக வைத்து மாதந்தோறும் வட்டி பெறுகின்றனர். இறையச்சமுள்ள முஸ்லிம் அதனைத் தொடுவதில்லை. அவருடைய பணம் நடப்புக் கணக்கில் உறங்குகின்றது; விலைவாசி அதனை ஆண்டுதோறும் அரித்துத் தின்கின்றது. இந்நிலையில்தான் அவருடைய செவியில் ஒரு யோசனை விழுகின்றது: "முதியோர் பெருகி வருகின்றனர், நோயும் பெருகி வருகின்றது. மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் நடத்தும் கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்தால் ஆண்டுதோறும் ஈவுத்தொகை வரும். அது வட்டியும் ஆகாது."

இந்த யோசனையைத் தள்ளிவிடவும் வேண்டா. அப்படியே விழுங்கிவிடவும் வேண்டா. மூன்று கேள்விகளை அதன்முன் வைப்போம். இது ஆகுமானதா? இது வயிற்றை நிரப்புமா? இதில் நீதி உண்டா?

ஆகுமானதா?

ஒரு கம்பெனியின் பங்கை வாங்குபவர் அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுப்பவர் அல்லர். அதன் உரிமையில் ஒரு சிறு கூறுக்குச் சொந்தக்காரர். இலாபம் வந்தால் பகிர்ந்துகொள்வார். நட்டம் வந்தால் தாங்கிக்கொள்வார். இத்தகைய கூட்டு நம் மார்க்கத்திற்குப் புதியதன்று. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் சரக்குகளைப் பிறரிடம் ஒப்படைத்து, இலாபத்தில் பங்கு வைத்து வணிகம் செய்தவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சரக்குகளைச் சிரியாவுக்குக் கொண்டு சென்ற வரலாற்றை நாம் அறிவோம். ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் தரும் 'முளாரபா' என்னும் கூட்டு முறைக்கு ஃபிக்ஹு நூல்களில் தனி அத்தியாயமே உண்டு.

மருத்துவத் தொழிலோ மிக உயர்ந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவக் கல்வியைச் சமுதாயத்தின் மீதுள்ள கூட்டுக் கடமைகளுள் ஒன்றாக எண்ணினார்கள். ஓர் ஊரில் ஒருவரேனும் அதனைக் கற்காவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள் ஆவர். ஆதலின், மதுவும் வட்டியும் விற்கும் நிறுவனத்தின் பங்கைப் போன்றதன்று மருத்துவமனையின் பங்கு.

எனினும் இங்கே ஒரு முடிச்சு உண்டு. மருத்துவமனை கட்டுவதற்கு வங்கிக் கடன் வாங்குகின்றார்கள். கையிருப்பை வங்கியில் வைத்து வட்டியும் பெறுகின்றார்கள். தொழில் தூயது, அதன் கணக்கில் வட்டி கலந்திருக்கின்றது. இதற்கு என்ன தீர்ப்பு?

இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, 1992ஆம் ஆண்டு மே மாதம் கூடிய தன் ஏழாம் அமர்வில், அடிப்படைத் தொழில் ஆகுமானதாயினும் வட்டியோடு சிற்சில சமயம் தொடர்பு கொள்ளும் கம்பெனியில் பங்கு சேர்வது அடிப்படையில் விலக்கப்பட்டதே என்று தீர்மானித்தது. முஃப்தி தகீ உஸ்மானி அவர்களைப் போன்றோர், இக்காலத்தில் வட்டிக் கலப்பே இல்லாத பெரிய கம்பெனியைக் காண்பது அரிது என்பதால், நிபந்தனைகளோடு அனுமதித்தனர். தொழில் ஆகுமானதாக இருக்க வேண்டும். வட்டிக் கொடுக்கல் வாங்கலுக்குப் பங்குதாரர் தம் மறுப்பைத் தெரிவிக்க வேண்டும். வட்டியால் வந்த விகிதத்தைத் தம் ஈவுத்தொகையிலிருந்து பிரித்துத் தருமம் செய்துவிட வேண்டும். கம்பெனியின் சொத்து வெறும் ரொக்கமாக இராமல் கட்டிடமும் கருவியுமாக இருக்க வேண்டும் என்பன அந்நிபந்தனைகள்.

பஹ்ரைனில் உள்ள இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல் தணிக்கை அமைப்பு இதற்கு எண்களையும் வகுத்தது. வட்டிக் கடன் கம்பெனியின் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டலாகாது. வட்டிக்கு வைத்த பணமும் அவ்வளவே. ஆகாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டலாகாது. நம் நாட்டிலும் மும்பைப் பங்குச் சந்தை 2010ஆம் ஆண்டு டிசம்பரில் ஷரீஅத் அளவுகோலின்படி 50 கம்பெனிகளைத் தேர்ந்த குறியீடு ஒன்றைத் தொடங்கியது. ஒரு கம்பெனி இவ்வாண்டு அளவுகோலுக்குள் இருந்து, கடன் பெருகி மறு ஆண்டில் வெளியேறுவதும் உண்டு. ஆகையால் ஒரு முறை பார்த்துவிட்டு உறங்கிவிடலாகாது. ஆண்டறிக்கை வரும்போதெல்லாம் பார்த்தல் வேண்டும்.

எச்சரிக்கையான வழியில் செல்ல விரும்புவோர் முதற்கருத்தைப் பற்றிக்கொள்ளலாம். இரண்டாம் கருத்தைப் பின்பற்றுவோர் அதன் நிபந்தனைகளையும் சேர்த்தே பின்பற்ற வேண்டும். சலுகையை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுவது மார்க்கம் ஆகாது.

வயிற்றை நிரப்புமா?

ஆகுமானது என்பதாலேயே ஒரு பொருள் போதுமானதாகிவிடாது. இங்குதான் நம் மக்கள் பலர் ஏமாறுகின்றனர்.

அம்பத்தூரிலிருந்து வானகரம் செல்லும் சாலையில், அயனம்பாக்கத்தில் உயர்ந்து நிற்கும் அப்போலோ மருத்துவமனையை அப்பகுதி மக்கள் அனைவரும் அறிவர். அதன் தாய் நிறுவனம் 1983ஆம் ஆண்டு டாக்டர் பிரதாப் ரெட்டி அவர்களால் சென்னை கிரீம்ஸ் சாலையில் முதல் மருத்துவமனையைத் திறந்தது. இன்று அது பங்குச் சந்தையில் இடம்பெற்ற பெரும் மருத்துவ நிறுவனங்களுள் ஒன்று. 2023-24ஆம் நிதியாண்டுக்கு அந்நிறுவனம் ஒரு பங்குக்கு மொத்தம் 16 ரூபாய் ஈவுத்தொகை அறிவித்தது. கேட்பதற்கு இனிதாக இருக்கின்றது. ஆனால் அந்நிதியாண்டு முடிந்தபோது அந்த ஒரு பங்கின் விலை 6,000 ரூபாய்க்கும் மேல்!

கணக்கிட்டுப் பாருங்கள். பங்கு ஒன்று 6,000 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு லட்சம் ரூபாய்க்கு 16 பங்குகள் வரும். அவற்றிற்கு ஆண்டு ஈவுத்தொகை 256 ரூபாய். பத்து லட்சத்தைப் போட்டவருக்கு ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 2,650 ரூபாய். மாதத்திற்கு 220 ரூபாய். வாழ்நாள் சேமிப்பு அனைத்தையும் போட்டுவிட்டு மாதம் இருநூற்று இருபது ரூபாயில் எந்த முதியவர் உண்பார்?

இது அந்நிறுவனத்தின் குறையன்று. வளர்ந்து வரும் மருத்துவமனைகள் இலாபத்தின் பெரும்பகுதியைப் புதிய கட்டிடத்திலும் படுக்கையிலும் கருவியிலும் மீண்டும் போடுகின்றன. அதனால் பங்கின் விலை உயரலாம். விற்றால்தான் அது கைக்கு வரும். நீண்ட காலம் காத்திருக்க வல்ல இளைஞருக்கு அது பொருந்தலாம். நாளைய உலைக்கு அரிசி வேண்டிய முதியவருக்கு அது பொருந்தாது.

"முதியோர் இல்லங்களின் பங்குகள் அதிகம் தரும் என்கின்றார்களே?" என்று சிலர் வினவுவர். அக்கூற்று பெரும்பாலும் அமெரிக்க நாட்டைப் பற்றியது. அங்கே நிலமும் கட்டிடமும் வைத்து வாடகை பெறும் அறக்கட்டளை போன்ற ஒருவகைக் கம்பெனிகள் உண்டு. வரிக்குட்பட்ட வருமானத்தில் 90 சதவீதத்தைப் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது அவற்றிற்குரிய சட்டம். வெல்டவர், வென்டாஸ் போன்ற நிறுவனங்கள் முதியோர் இல்லக் கட்டிடங்களை ஏராளமாக வைத்திருக்கின்றன. ஆனால் 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று முதியோர் இல்லங்களைத் தாக்கியபோது என்ன நேர்ந்தது? வெல்டவர் தன் காலாண்டு ஈவுத்தொகையை 87 சென்டிலிருந்து 61 சென்டாகக் குறைத்தது. வென்டாஸ் 79 சென்டிலிருந்து 45 சென்டாகக் குறைத்தது. முதியவருக்குப் பணம் மிகுதியாகத் தேவைப்பட்ட அதே காலத்தில்தான் வருவாயும் சுருங்கிற்று.

நம் நாட்டில் இவ்வகை நிறுவனங்களுக்கான விதிகள் 2014ஆம் ஆண்டு வந்தன. முதல் நிறுவனம் 2019இல் சந்தைக்கு வந்தது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற பெரிய நிறுவனங்கள் வைத்திருப்பவை அலுவலகக் கட்டிடங்களும் வணிக வளாகங்களுமே. மறைமலைநகரில் முதியோர் குடியிருப்புக் கட்டிய ஆஷியானா போன்ற கம்பெனிகளும் பங்குச் சந்தையில் உண்டு. ஆயின் அவற்றின் வருவாய் பெரும்பாலும் வீடு விற்பதிலிருந்து வருவது. வீடு விற்ற ஆண்டில் இலாபம். விற்காத ஆண்டில் வறட்சி. மாதந்தோறும் வரும் படியைப் போன்றதாக அதனை எண்ணலாகாது.

ஈவுத்தொகைக்கு 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பெறுபவரே வரி செலுத்த வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். வரி செலுத்தும் அளவு வருமானம் இல்லாத முதியவர், கம்பெனி பிடித்தம் செய்யாதிருக்க உரிய படிவத்தை முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும்.

நீதி உண்டா?

மூன்றாம் கேள்வியைப் பங்குத் தரகர் எவரும் கேட்கமாட்டார். முஸ்லிம் கேட்டாக வேண்டும். மருத்துவமனையின் இலாபம் நோயாளி கட்டிய கட்டணத்திலிருந்து வருவது. முதியோர் இல்லத்தின் இலாபம், பிள்ளைகள் அருகில் இல்லாத ஒரு தாய் மாதந்தோறும் கட்டும் பணத்திலிருந்து வருவது. நியாயமான விலைக்கு நல்ல பணிவிடை அளித்து வந்த இலாபம் தூய்மையானது. பணிவிடையைக் குறைத்து, கட்டணத்தை ஏற்றி வந்த இலாபமோ?

இங்கிலாந்து நாட்டின் சதர்ன் கிராஸ் என்னும் நிறுவனத்தின் கதை நமக்குப் பாடமாகும். ஏறத்தாழ 750 முதியோர் இல்லங்கள். அவற்றில் 31,000 முதியோர். அந்நிறுவனம் வளரும் வேகத்தில் தன் கட்டிடங்களை விற்றுவிட்டு, அவற்றையே வாடகைக்கு எடுத்துக்கொண்டது. வாடகை ஆண்டுதோறும் ஏறும்படி ஒப்பந்தம். முன்னர் அதன் உரிமையாளராயிருந்த முதலீட்டு நிறுவனம் இலாபத்துடன் வெளியேறியது. பின்னர் இல்லங்களில் சேர்வோர் குறைந்தனர்; உள்ளாட்சி மன்றங்களின் உதவித்தொகையும் சுருங்கிற்று; வாடகையோ நிற்கவில்லை. 2011ஆம் ஆண்டு நிறுவனம் வீழ்ந்தது. தாம் படுத்திருக்கும் கட்டில் நாளை யாருடையது என்று அறியாமல் 31,000 முதியோரும் அவர்தம் குடும்பத்தாரும் கலங்கினர்.

நம் முன்னோர் இதற்கு நேர்மாறாகச் செய்தனர். டமாஸ்கஸ் நகரில் 1154ஆம் ஆண்டு நூருத்தீன் ஸங்கி எழுப்பிய மருத்துவமனையும், கெய்ரோவில் 1284ஆம் ஆண்டு சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையும் வக்ஃபுச் சொத்துகளின் வருவாயால் நடந்தன. அங்கே வணிகத்தின் இலாபம் நோயாளிக்குச் சென்றது. இன்றைய கம்பெனி முறையில் நோயாளியின் பணம் வணிகருக்குச் செல்கின்றது.

தொலைவில் தேட வேண்டா. அம்பத்தூரிலேயே சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை 1966ஆம் ஆண்டு முதல் அறக்கட்டளையின்கீழ் இயங்கி வருகின்றது. சைக்கிள் தொழிற்சாலையின் வழியே அம்பத்தூருக்கு வந்த ஒரு வணிகக் குடும்பத்தின் அறப்பணி அது. அதன் பங்கை எவரும் வாங்க இயலாது. அது ஈவுத்தொகையும் தராது. ஆனால் ஏழைத் தொழிலாளியின் குடும்பம் அதன் வாயிலில் அஞ்சாமல் நுழையலாம். ஓர் ஊருக்கு இருவகை மருத்துவமனையும் வேண்டும். முதல்வகையில் பங்கு வாங்கும் செல்வர், இரண்டாம் வகைக்குத் தம் கை நீட்டாதிருப்பது அழகன்று.

செய்ய வேண்டியவை

இந்தப் பங்கை வாங்குங்கள், அதனை விற்றுவிடுங்கள் என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் சில நெறிகளை மனத்திற் கொள்ளுதல் நலம்.

முதலாவது, உணவுக்கும் மருந்துக்கும் வேண்டிய சில ஆண்டுச் செலவைச் சந்தைக்கு வெளியே வையுங்கள். 2020ஆம் ஆண்டு ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே இந்தியப் பங்குச் சந்தை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ந்தது. அந்த மார்ச்சில் வீட்டுச் செலவுக்காகப் பங்கை விற்க நேர்ந்தவர் கண்ணீரோடு விற்றார். விற்கத் தேவையில்லாதவர் பொறுத்திருந்து மீண்டார்.

இரண்டாவது, எல்லாப் பணத்தையும் ஒரே கம்பெனியில் வைக்காதீர்கள். வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவது, எழுத்து மூலமான ஒப்பந்தத்தோடு நம்பகமான வணிகத்தில் கூட்டுச் சேர்வது, ஷரீஅத் அளவுகோலின்படி நடக்கும் நிதித் திட்டத்தில் ஒரு பகுதியை வைப்பது என்று பிரித்து வையுங்கள். வாடகை நம் மார்க்கம் ஒப்புக்கொண்ட தெளிவான வருவாய். அம்பத்தூரில் மாடியில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு விட்டவரின் மாத வருமானத்தோடு மேலே கண்ட 220 ரூபாயை ஒப்பிட்டுப் பாருங்கள், உண்மை விளங்கும்.

மூன்றாவது, 'ஹலால்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் பணப்பையைத் திறவாதீர்கள். பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம், வட்டியில்லாக் கூட்டு வணிகம் என்று கூறிப் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பைத் திரட்டியது. 2019ஆம் ஆண்டு ஜூனில் வீழ்ந்தது. விதவைகளும் ஓய்வு பெற்றோரும் தெருவில் நின்றனர். சென்னை அமைந்தகரையில் இருந்த ஆருத்ரா நிறுவனத்தின் மீது 2022ஆம் ஆண்டு காவல்துறை நடவடிக்கை எடுத்தபோது, மாதந்தோறும் அளவுக்கு மீறிய பணம் கிடைக்கும் என்று நம்பிச் சேர்ந்தோர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்று வெளிவந்தது. நிச்சயமான இலாபம் என்று எவர் கூறினாலும் அஞ்சுங்கள். உண்மையான வணிகத்தில் நிச்சயம் கிடையாது. நிச்சயமாக்கப்பட்ட இலாபம் வட்டியாகவோ மோசடியாகவோதான் இருக்கும்.

நான்காவது, கலந்ததைப் பிரியுங்கள். கம்பெனியின் மொத்த வருமானம் நூறு ரூபாயில் வட்டி இரண்டு ரூபாய் என்றால், உங்களுக்கு வந்த ஈவுத்தொகை ஒவ்வொரு நூறிலும் இரண்டு ரூபாயை நன்மையை எதிர்பாராமல் ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள். மருந்து வாங்க இயலாத ஓர் ஏழை முதியவருக்கு அது போகட்டும். இது ஜகாத் ஆகாது. ஜகாத்தைத் தனியே கணக்கிட்டு இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும். விலை ஏறினால் விற்கலாம் என்று வாங்கிய பங்குக்குச் சந்தை மதிப்பில் ஜகாத் உண்டு. ஈவுத்தொகைக்காக வைத்திருக்கும் பங்கின் கணக்கு வேறு. அதனை உங்கள் ஊர் ஆலிமிடம் விவரமாகக் கூறிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, வாரிசுகளின் உரிமையைக் காத்திடுங்கள். பங்குக் கணக்கில் மகன் ஒருவரின் பெயரை நியமனதாரராக எழுதிவிட்டு, மகள்களின் பங்கு மறைந்துவிட்டதாகச் சிலர் எண்ணுகின்றனர். நியமனதாரர் பொறுப்பாளரே அன்றி உரிமையாளர் அல்லர் என்றும், வாரிசுச் சட்டமே மேலோங்கும் என்றும் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. திருமறை வகுத்த பாகப்பிரிவினைப்படி மனைவிக்கும் மகளுக்கும் உரியது அவர்களையே சேரும்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

மக்களைத் தேவையற்றோராக விட்டுச் செல்வது, பிறரிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வதினும் சிறந்தது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர் ஸஅத் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். அந்த அறிவுரையை ஏற்று நம் பெற்றோர் தம் பங்கைச் செய்துவிட்டனர். வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் பங்கு எங்கே? பெற்றோர் முதுமை அடைந்தால் 'சீ' என்ற சொல்லும் கூறலாகாது என்கின்றது பனீ இஸ்ராயீல் அத்தியாயம். அவர்களுடைய உணவையும் மருந்தையும் பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்திற்கு விட்டுவிடலாமா? பெற்றோரைப் பேணாத பிள்ளையிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற 2007ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்துள்ளது. நாட்டுச் சட்டம் வந்து நம் கையைப் பிடிக்கும்வரை காத்திருப்பது முஸ்லிமுக்குத் தகுமா?

முதியோர் இல்லத்தில் சேர்ந்தோர் அனைவரையும், சேர்த்தோர் அனைவரையும் குறைகூற வேண்டா. பணிவிடைக்கு ஆளில்லாத வீட்டினும் நல்ல பணிவிடையுள்ள இல்லம் மேலாகும் நிலைகளும் உண்டு. ஆனால் அங்கும் பணம் அனுப்புவதோடு கடமை முடிந்துவிடாது.

ஆகவே சகோதர சகோதரிகளே! மருத்துவமனைப் பங்கு நிபந்தனைகளோடு ஆகுமான ஒரு வணிகம். அதனை முதுமையின் ஊன்றுகோல்களுள் ஒன்றாகக் கொள்ளலாம். ஒரே ஊன்றுகோலாகக் கொள்ளலாகாது. வாங்குவதற்கு முன் கணக்கைப் பாருங்கள்; வந்த பின் கலந்ததைப் பிரியுங்கள்; அந்தப் பணத்தின் மறுமுனையில் படுத்திருக்கும் நோயாளியை மறவாதீர்கள். தூய்மையான உணவையும், எவரிடமும் கையேந்தாத முதுமையையும், பெற்றோரைப் பேணும் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.